ஆடாமல் நின்ற கண்

ஆய்வகத்தில் அவளை முழிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகக் கணினித் திரையில் இரண்டு கண்களை உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தலை சட்டென்று திரும்பினால், பார்த்த இடத்தை விடாமலிருக்கக் கண் தானாகவே எதிர்ப்பக்கம் நகரும். தலையின் அசைவை உணரும் உட்காது சொல்ல, மூளைத்தண்டு வாங்கிக் கண்ணுக்குக் கொடுக்கும் சேதி அது. இடையிலுள்ள நரம்புகளை அவள் எண்களாகக் கோத்திருந்தாள். எண் சரியாக இருந்தால் தலை எப்படி ஆடினாலும் திரையில் கண் இலக்கைவிட்டு வழுக்காது. வழுக்காத நாளில்தான் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

அன்று காலை தம்பி கட்டிலைவிட்டு எழவில்லை. விடிந்ததிலிருந்து அறை சுற்றுகிறது என்றான். மடியில் பக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு முறை வாந்தியெடுத்தான். அவனுக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு மூன்று வயது கூட. பெற்றவர்கள் போனபிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

“எம் மூக்கையே பாருடா” என்று அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினாள். பிறகு இடப்பக்கம். கண்கள் ஆணியடித்தாற்போல் அவள் மூக்கிலேயே நின்றன.

“என்னக்கா, பாஸா?”

“நூத்துக்கு நூறு. பித்தமா இருக்கும், படு.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு பஸ் பிடித்தாள்.

ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் தம்பி கதையைச் சொன்னாள். மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்: “அப்ப காது நல்லாத்தான் இருக்கு. பின்ன எதும்மா சுத்துது?”

அவள் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. காது கெட்டிருந்தால் தலையைத் திருப்பும்போது கண் வழுக்கியிருக்கும். வழுக்கவில்லை, ஆனாலும் உலகம் விடாமல் சுற்றுகிறது என்றால் கோளாறு இன்னும் உள்ளே, பின்மூளையில். திரையில் நல்ல சேதியாக இருந்தது கட்டிலில் கெட்ட சேதி. பழக்க தோஷத்தில் அவள் தம்பிக்கும் பாஸ் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. டாக்சியில் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே கிடைத்தது. வீட்டில் அவன் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தான். கூப்பிட்டதும் கண் திறந்தான். வலப்பக்கம் பார்க்கச் சொன்னாள். போன கண் அங்கே நிற்காமல் நடுவுக்கு நழுவியது, வெடுக்கென்று மீண்டும் போனது. இடப்பக்கமும் அப்படியே. கண்ணைப் பிடித்து நிறுத்தும் நரம்புச் சுற்றை வேண்டுமென்றே பலவீனப்படுத்தி அவள் போட்ட வரைபடம், ரம்பப் பல் மாதிரி, ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தது. அதேதான்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் காதுக் கோளாறு என்று மாத்திரை எழுதத் தொடங்கினார். அதிர்ந்து பேசத் தெரியாதவள் சீட்டின்மேல் கையை வைத்தாள்.

“காது நல்லா இருக்கு டாக்டர். அதான் பயமே. நீங்களே தலையத் திருப்பிப் பாருங்க.”

அவர் திருப்பிப் பார்த்தார். கண் வழுக்கவில்லை. மாத்திரைச் சீட்டைக் கிழித்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். பின்மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வீக்கம் தொடங்கியிருந்தது. உடனே மண்டையைத் திறக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்ட்ரெச்சர் நகரும்போது அவள் கூடவே நடந்தாள். “காலையிலயே தெரிஞ்சிருக்கணும்டா. நான்தான் பாத்துட்டு விட்டுட்டேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: “ஸ்கூலுக்கே என்னைய லேட்டாத்தானே கூட்டிட்டுப் போவ.”

கதவு சாத்தியபிறகு நான்கு மணி நேரம் அவள் அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

பிழைத்தான். நடை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது, கைத்தடி வந்தது. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று விரலை நீட்டுவாள். அவன் அலுத்துக்கொண்டே வலமும் இடமும் பார்ப்பான். ஒரு முறை போதாமல் மறுபடி பார்க்கச் சொல்வாள். பல நாள் பஸ் போய்விடும். அவள் இருந்தவரை அந்த விரல் நீளாத காலையே இல்லை.