கடலைப் பூட்டிய காலத்தில் நான் எழுதிய புத்திமதி

இந்த நாட்டில் கிழடுகளின் எலும்பைப் பற்றி நகரசபையே கவலைப்படுகிறது. நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் பக்டரியில் எனக்கு வேலை. பக்கத்து வீட்டில் இங்கர் என்ற எண்பது வயதுக்காரி. அவளுக்குத் தபாலில் ஒரு தாள் வந்தது: வயதானவர்கள் தினமும் போதிய புரதம், அதாவது மீன், முட்டை, பால் எடுத்தால்தான் எலும்பு உறுதியாக நிற்குமாம். அதை வேதம்போல வாசித்து முடித்து, 'ட்ரான்' என்கிற மீனெண்ணெயை ஒரு கரண்டி விழுங்கிவிட்டு, "உன் அம்மாவும் மீன் சாப்பிடுகிறாளா?" என்று கேட்டாள்.

"அங்கே மீன் இல்லை."

நான் சொல் மாறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாளாக்கும். கலண்டரில் இருந்த மீன் படத்தைத் தொட்டுக் காட்டி, "ஃபிஸ்க், ஃபிஸ்க்" என்று சொல்லித்தந்தாள். "நீ தீவிலிருந்துதானே வந்தாய்? தீவில் மீன் இல்லாமல் போகுமா?" எங்கள் கடற்கரை ஊரான குருநகரில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்தவர்களின் பிள்ளைக்கு, மீன் என்றால் என்னவென்று ஒரு பாடம்!

அவளை இகழ எனக்கென்ன யோக்கியதை? அன்று பின்னேரமே அந்தத் தாளைத் தமிழாக்கி அம்மாவுக்குக் கடிதம் எழுதியவன் நான். "தினமும் மீன் சாப்பிடுங்கோ. முட்டை ஒன்று, பால் ஒரு தம்ளர்." கீழே கோடு வேறு. போரால் அங்கே மீன்பிடிக்கத் தடை, வள்ளம் இறக்கினால் படையினர் சுடுவார்கள் என்பதும், அம்மாவும் தங்கச்சியும் குருநகரை விட்டோடிப் புத்தூரில் யாருடையதோ விறாந்தையில் கிடக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கோடு போட்டேன்.

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு தங்கச்சியின் பதில் வந்தது.

"அண்ணை, உங்கடை கடிதத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். 'கடலைப் பூட்டி வச்சிருக்கிறாங்கள் எண்டு உவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?' எண்டு சிரிச்சவ. அடுத்த கிழமை கிணத்தடியிலை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சுது. சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை வச்சிருக்கிறம். எலும்பு உக்கிப்போச்சாம், மீன் முட்டை குடுக்கட்டாம் எண்டு டொக்டர் சொல்லுறார். ஒண்டு சொல்லோணும் அண்ணை. வீட்டுக்காரர் அம்மாவுக்கெண்டு கிழமைக்கு ரெண்டு முட்டை தாறவை. நான் பிள்ளைக்குப் பால் குடுக்கிறன் எண்டு அம்மா அதை எனக்குத் தந்தவ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. சாப்பிட்டிட்டன்."

பக்டரியில் வெட்டியெறிந்த மீன்தலைகளை நரிப்பண்ணைக்கு அனுப்பும் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுதான் அதை வாசித்தேன். இங்கே தோலுக்காக வளர்க்கும் நரிக்கும் புரதம் கிடைக்கிறது. தங்கச்சியாவது தின்றதை ஒப்புக்கொண்டாள்.

அந்த ஞாயிறு எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல். மூன்றாம் தரம் ஆட்டுக்கறி போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ஊர்ச்சனத்துக்குச் சாப்பாட்டைப் பற்றின அறிவு காணாது" என்றார். காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் அவர் பேசியது என் கடிதத்தை. என் கோப்பையிலும் கறியை நிரப்பினேன்.

அம்மா படுக்கையிலிருந்து எழும்பப் பல மாதங்கள் எடுத்தன. ஒரு கால் கட்டையாகிவிட்டது. தடி இல்லாமல் நடக்க முடியாது. பிறகு தன் கோணல் எழுத்தில் தானே எழுதினார்: "தம்பி, இப்ப இஞ்சை மீன் தாராளமா வருது. ஒவ்வொரு நாளும் சாப்பிடுறன். நீ என்ன சாப்பிடுறனீ?"

கடல் அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. அவித்த மீனை மென்றபடி பதில் எழுதினேன்: "இஞ்சத்தை மீன் எனக்குப் பிடிக்கிறேல்லை அம்மா. சோறும் பருப்பும்தான்."