கல்யாணப் பந்தலில் கறுப்பு வயர்

கித்தார் வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் ஒரு கித்தார் பெட்டி போன வாரம் ஓடைப்பட்டியில் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

என் மனைவியின் அண்ணன் முத்தையா, ஓடைப்பட்டி விவசாயி. மகள் பாக்கியத்துக்குத் தேவாரம் என்ற ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்தார். சம்பந்தி நிச்சயத்தன்றே கறாராகச் சொல்லிவிட்டார் — பெண் நிறம் கொஞ்சம் மட்டு, போகட்டும், பொறுத்துக்கொள்கிறோம். அதற்கு ஈடாக மைக் செட் வைக்க வேண்டும், பாட்டு பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தாலி விஷயத்தை யோசிக்க வேண்டி வருமாம். நிறத்தைச் சத்தத்தால் ஈடுகட்டும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ?

முத்தையா அலையாத இடமில்லை. கடைசியில், மலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்கு மூட்டை கட்டும்போது ஏலம் விட்ட பெட்டி ஒன்று கிடைத்தது. கித்தார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. உள்ளே இரண்டு ஸ்பீக்கர். கித்தாரைத் துரை கையோடு கொண்டுபோய்விட்டார். இசைத்தட்டு மெஷினை மாட்டிப் பார்த்த அன்று தெருவே அதிர்ந்ததாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் நான் போய்ச் சேர்ந்தேன். பெட்டி முனகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம், ஆளுக்கொரு வைத்தியம். கண்ணேறு என்று ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். இங்கிலீஷ் பெட்டிக்குத் தமிழ்ப் பாட்டு ஒத்துக்கொள்ளாது என்றார் இன்னொருவர்.

தேனியிலிருந்து கோட்டு போட்ட ரேடியோ ரிப்பேர்காரர் வந்தார். ஒரு ஸ்பீக்கரை மட்டும் போட்டுப் பார்த்தார் — அலறியது. அதைக் கழற்றிவிட்டு மற்றதைப் போட்டார் — அதுவும் அலறியது. இரண்டையும் சேர்த்தால்… முனகல். தனித்தனியாக வெளுத்துவாங்கிவிட்டு, சேர்ந்து உட்கார்ந்ததும் காரியத்தைக் கெடுக்கும் கமிட்டிகளை நாம் பார்த்ததில்லையா?

ஒரு ஸ்பீக்கரில் இரண்டு வயரும் இடம் மாறிவிட்டன என்றார் அவர். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடுகிறது. சிவப்பு எது, கறுப்பு எது என்று பார்த்து மாட்டினால் தீர்ந்தது. சொல்லிக்கொண்டே குனிந்தவர் விழித்தார். உள்ளே எல்லா வயரும் சிவப்பு.

விஷயம் இதுதான். முந்தின நாள் பந்தல் பார்க்க வந்த சம்பந்தி, பெட்டியின் பின்பக்கம் கறுப்பு வயரைக் கண்டு முகம் சுளித்திருக்கிறார். மங்கல காரியத்தில் கறுப்பு ஆகாதாம். முத்தையா அத்தனையையும் பிடுங்கிவிட்டுச் சிவப்பு வயர் மாட்டிவிட்டார். பாடப்போகும் இசைத்தட்டு என்ன நிறம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ரிப்பேர்காரர் ஒரு ஸ்பீக்கரில் வயரை மாற்றிப் போட்டார். ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று முத்தையா அடுத்ததிலும் மாற்றிப் போட்டார். மறுபடியும் முனகல். கோட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கறுப்பு வயர் வந்தால்தான் இனித் தொடுவேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். விஷயத்தைக் கேட்ட சம்பந்தி ஒரே பிடியாக நின்றார்.

"பந்தலுக்குள்ள கறுப்பு வரப்படாது. பாட்டும் கேக்கணும். முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க, வண்டியைத் திருப்பிருவோம்."

முத்தையா கைகூப்பி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பெண் வீட்டாராயிற்றே… கோபத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து பாக்கியம் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வயரை மாத்தச் சொன்னீக, அப்பாவும் மாத்திட்டாக. நானும் கறுப்புத்தானே மாமா. என்னைய மாத்த எந்தக் கடைக்குப் போவீக?"

சம்பந்தி மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்தார், மூலையில் சுருட்டிப் போட்டிருந்த கறுப்பு வயரை எடுத்துவந்து ரிப்பேர்காரர் கையில் கொடுத்தார். மாப்பிள்ளையும் அந்த வயரைவிட ஒன்றும் வெளுப்பில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் தாலி ஏறியது. பாட்டு பக்கத்து ஊருக்குக் கேட்டது. பந்தியில் சம்பந்தி சொன்னது பக்கத்து இலைக்குக்கூடக் கேட்கவில்லை — ஒலிபெருக்கி தேவைப்பட்டது அவருக்குத்தான்!