பொன்னுராஜ் ஆக்கிய நூடுல்ஸ்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வேகவைத்து அலசுவது பொன்னுராஜுக்கு வேலை. தொண்ணூற்றிரண்டில் மனைவி காமாலையில் இறந்ததும் அடுப்படியும் அவர் கைக்கு வந்தது. அவர் ஆக்கிய சோற்றை மகள் மெர்சி தொடவே மாட்டாள். பிள்ளை குச்சியாய் இளைத்துப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த கொழுந்தியாள் கிருபாபாய் ஒரே பேச்சில் தீர்ப்பெழுதினாள்: "ஞாயித்துக்கெழம வாரேன் அத்தான். அப்பவும் பிள்ள சாப்பிடலைன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன்."

டிவி விளம்பரத்தை நம்பி நூடுல்ஸ் வாங்கினார். சனிக்கிழமை ஒத்திகை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? வேகவைத்தார், தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார், முறுக்கிப் பிழிந்தார். கொடியில் காயப்போடாததுதான் பாக்கி.

"என்னப்பா இது, போஸ்டர் ஒட்டவா?" என்று பசையாய்க் குழைந்து கிடந்ததைப் பார்த்து மெர்சி சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஞாயிறன்று பொன்னுராஜ் சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலையை வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, வெந்த நூடுல்ஸை அதில் போட்டுப் பதமாகக் கிளறினார். கிருபாபாய் பரீட்சை ஹாலில் கண்காணிக்கும் டீச்சரைப் போல எதிரே உட்கார்ந்திருந்தாள். மெர்சி தட்டை வழித்துத் தின்றாள்.

"பாத்தியாட்டி?" என்றார் கொழுந்தியாளிடம், தேர்தலில் ஜெயித்தவரைப் போல.

கை கழுவிவிட்டு வந்த மெர்சி, "அப்பா, இத எப்படிச் செய்யணும்னு சித்திக்குச் சொல்லிக் குடுங்க. அங்க போயும் எனக்கு வேணும்ல," என்றாள். பள்ளிக்கூடப் பையில் தன் கவுன்களைக் காலையிலேயே அவளே மடித்து வைத்திருந்தாள்.

கிருபாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னுராஜ் கொழுந்தியாளின் பக்கம் திரும்பினார். "மொதல்ல வெங்காயத்த நல்லா வதக்கணும், கிருபா..." என்று தொடங்கினார்.