ஏழாவது சீட்டு

புத்தாண்டு ஆராதனையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டை ஆளுக்கொன்றாக எடுப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையின் வழக்கம். அந்த ஆண்டு எனக்குத் தொலைவிலுள்ள கந்தப்பளையில் தலைமையாசிரியர் பதவி கிடைத்திருந்தது. மனைவிக்கோ நிறைமாதம், டிக்கோயா ஆஸ்பத்திரி எங்களுக்கு இரண்டு மைல்தான். தேவசித்தம் அறிய நான் எடுத்த சீட்டு, பொறுத்திருக்கச் சொன்னது. சீட்டுப் பெட்டியை வீட்டுக்கு வாங்கிவந்து, ஜெபித்து ஜெபித்து இன்னும் ஆறு எடுத்தேன். ஐந்து அதையே வேறு வார்த்தைகளில் சொல்லின. ஏழாவது சீட்டு, புறப்படச் சொன்னது.

"ஆண்டவரு பேசிட்டாரு," என்றேன்.

"அப்ப ஆறு தடவ பேசுனது யாருங்க, கங்காணியா?" என்றாள் மனைவி.

நான் போகவில்லை. பிள்ளை சிக்கலோடு பிறந்து, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. எனக்குத் தேவசித்தத்தைப் பகுத்தறியும் வரம் உண்டென்று சபையில் ஒன்பது பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவரையும் நான் திருத்தவில்லை.