ஸ்பானிஷில் கொஞ்சம் திட்டுங்கள்

கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்ததற்கு மொழி ஆர்வமே காரணம் என்று இப்போதெல்லாம் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையான காரணம், போடியிலிருந்து போன பஸ் தாமதமானது. பி.காம். சேர்ந்த அன்று, மதிப்பெண் அள்ளலாம் என்று எல்லாரும் பிரெஞ்சு வகுப்பை நிரப்பிவிட்டார்கள். பையும் வியர்வையுமாகப் போய் நின்ற எனக்கு மிச்சம் இருந்தது ஸ்பானிஷ். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ரசம் மட்டும் கிடைத்த மாதிரி.

ரசம் பிடித்துப்போனது. மூன்று வருடமும் விடாமல் படித்தேன். அந்த மொழியின் 'ர்ர்' ஓசைக்காக விடுதியில் நாக்கை உருட்டிப் பழகும்போது, பக்கத்துக் கட்டில்காரன் தன் பைக்கை யாரோ கிளப்புகிறார்கள் என்று எழுந்து ஓடியிருக்கிறான்.

ஊர் திரும்பியதும்தான் உண்மையான வாய்மொழித் தேர்வு. அப்பாவுக்குப் போடி பஜாரில் பைப், மோட்டார் விற்கும் கடை.

"அந்த பாசையில நமக்குச் சொந்தக்காரவுக யாரும் இருக்காகளா?"

"இல்லப்பா."

"யாவாரியாச்சும்?"

"இல்ல."

"அப்ப யார்கிட்டடா பேசப் போற, கண்ணாடிகிட்டயா?"

அதுவரை கண்ணாடியிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கெடு வைத்தார். "வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒன் பாசை சோறு போடலேன்னா, கடையில வந்து ஒக்காந்து பைப்ப அளந்து குடு."

எனக்கும் பைப்புக்கும் பகை இல்லை. ஆனால் நான் ஒருநாள் கடையில் உட்கார்ந்தால், மறுநாள் பாதித் தெரு பைப்பை மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்கும்.

திருவிழா நெருங்கி, கோயிலில் கம்பமும் நட்டுவிட்டார்கள். நானும் அளவு நாடாவை வெறித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் மிஷின் செய்கிற பட்டறை அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்தார். குவாத்தமாலா என்ற நாட்டிலிருந்து ஒரு தோட்டக்காரப் பெண்மணி கொச்சி வரை வந்திருக்கிறாராம். மிஷினைப் பார்க்க நாளை இங்கே வருகிறார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். அந்த நாட்டு மலைகளிலும் ஏலக்காய் அமோகமாக விளைகிறது என்பது, அந்த மொழியை மூன்று வருடம் படித்த எனக்கு அன்றுதான் தெரியும். இதையும் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

"யாவாரம் முடிஞ்சா மாசச் சம்பளத்துக்கு வந்துரு தம்பி. முடியலேன்னா ஒரு டீயோட சரி" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் அந்தம்மா பட்டறைக்கு வந்தார். அண்ணாச்சி முதலில் போனை மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தார். மிஷின் இரைச்சலில் அது பேந்தப் பேந்த விழித்தது. ஆக, நான்தான்.

கொட்டிய ஏலக்காய் சல்லடைகளில் குதித்து, பெரிசு ஒரு பெட்டியிலும் பொடிசு இன்னொன்றிலும் விழுந்தது. "மரவியோசா!" என்றார் அந்தம்மா.

"அற்புதம்கிறாக அண்ணாச்சி."

அண்ணாச்சி முகம் லேசாகச் சுண்டியது. இவ்வளவு அழகான மிஷினை எங்குமே பார்த்ததில்லை என்றார் அந்தம்மா. அதையும் சொன்னேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். செய்த கைக்கு முத்தம் கொடுக்கலாம் என்றார் அந்தம்மா. அதைக் கூச்சத்தோடு சொன்னதும் அண்ணாச்சி சுவிட்சை அணைத்துவிட்டார்.

"போச்சு. வாங்க மாட்டாக. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சிருலே."

எங்கள் பஜாரில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காயோ, மாடோ, மோட்டாரோ, வாங்க வந்தவன் குறை சொல்வான். முகத்தைச் சுளிப்பான், காலால் எத்திப் பார்ப்பான், இதை யார் வாங்குவார்கள் என்பான். அப்புறம் வாங்குவான். வாய் நிறையப் புகழ்கிறவன் பொழுதுபோக்க வந்தவன். அந்தம்மா மனதாரப் புகழப் புகழ, அண்ணாச்சிக்கு வாடிக்கையாளர் படியிறங்கிப் போவதாகவே பட்டது.

என் பாடப்புத்தகத்தில் ஓட்டலில் அறை கேட்பது இருந்தது, வானிலை விசாரிப்பது இருந்தது, போடி பஜாரின் குணம் இல்லை. கண்ணாடியிடம் ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியத்தை வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பானிஷில் கட்டினேன். கை, கால், புருவம் எல்லாம் உதவிக்கு வந்தன. "அம்மா, இங்கே பாராட்டினால் வாங்க மாட்டீர்கள் என்று அர்த்தம். உண்மையிலேயே வேண்டுமானால், தயவுசெய்து கொஞ்சம் திட்டுங்கள்."

அவர் என்னையே பார்த்தார். என் இலக்கணம்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். மறுகணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் காலை ஒரு எத்து எத்திவிட்டு ஆரம்பித்தார்.

"பெயிண்டப் பாத்தா சீக்கு வந்த கிளி மாதிரி இருக்காம் அண்ணாச்சி. இந்தச் சத்தத்துக்கு அவுக ஊர்க் கோழி முட்டை போடாதாம்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் வெளிச்சம்.

"அப்படிச் சொல்லச் சொல்லு! அவுக ஊர்க் கோழிக்கு அம்புட்டு ரோசமா? மிஷின் வாங்குறாகளா, கோழிப் பண்ணை வைக்கிறாகளான்னு கேளுலே!"

கேட்டேன். பதில் வந்தது. அதற்கு இவர் ஒன்று சொன்னார். இருவரும் மிஷினைத் தாண்டி, என் மீசை வரைக்கும் வந்துவிட்டார்கள். மீசையைப் பற்றியதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆறிப்போன டீயை யாரும் தொடவில்லை. கடைசியில் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட, அந்தம்மா இரண்டு மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்.

"என்னமாத் திட்டுறாக பாத்தியா! யாவாரின்னா இவுக யாவாரி" என்று அண்ணாச்சி நெகிழ்ந்துபோனார். எனக்கு அங்கேயே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டார்கள்.

திருவிழாவுக்கு நான் சம்பளக்காரனாகப் போய் ராட்டினத்தில் சுற்றினேன். அதற்கப்புறம் இரண்டு தடவை குவாத்தமாலாவுக்கே போய் மிஷினைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே மலையேறும் வண்டியில் கண்ணை மூடினால் எங்கள் போடிமெட்டு மலையின் ஏலக்காய் வாசம். இன்று அந்தக் கண்டத்துக்குப் போகும் எங்கள் மிஷின் ஒவ்வொன்றின் செயல்முறை வீடியோவிலும் ஸ்பானிஷ் பேசும் குரல் என்னுடையது. அந்த 'ர்ர்' மட்டும் இன்னும் பைக் கிளப்புவதுபோலத்தான் இருக்கிறதாம்.

போன வாரம் கடைப் பக்கம் போனேன். அப்பா வாடிக்கையாளர் ஒருவரிடம் பைப்பை அளந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"அத ஏன் கேக்குறீக? கெடுதலான பாசை. நாக்கு சுளுக்கிக்கிரும். எந்நேரமும் போன்ல கத்துறான். பிளேனு ஏறிப் போறான், வாரான். ஒரு பைப்ப ஒழுங்கா அளக்கத் தெரியல."

மூச்சு விடாமல் குறை சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது, அப்பா வாங்கிவிட்டார்.