தோல் பைக்கு ஒரு தரச் சான்றிதழ்

பல் பிடுங்குகிற டாக்டரையும் தரச் சான்றிதழுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவளையும் யாரும் ஆசைப்பட்டுக் கூப்பிடுவதில்லை. வேறு வழியில்லாமல் கூப்பிடுகிறார்கள், வேலை முடியும்வரை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் இருந்தேன். அதை மூடினார்கள். அதற்குப் பிறகு சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்க வழி சொல்வதுதான் என் பிழைப்பு. உங்கள் ஆபீசிலும் ஒருநாள் திடீரென்று பீரோ, நாற்காலிக்கெல்லாம் நம்பர் ஒட்டி, குடிதண்ணீர் கேன் மாற்றியதற்குக்கூடக் கையெழுத்து கேட்டிருப்பார்கள். அந்த அவஸ்தையைப் பட்டவர்களிடம் நான் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அதைச் செய்யச் சொன்னது என்னைப் போன்ற ஒருத்திதான்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே இடத்தில் நடந்தவை. தாராவியில் காதர் பாயின் தோல் பைப் பட்டறை. கீழே வெட்டும் வேலை, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே தையல். காதர் பாய்க்குக் கடையநல்லூர்ப் பக்கம். ரெக்சின் பைகள் வந்து உள்ளூர் வியாபாரம் படுத்துவிட்டது. இந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு கம்பெனி அவருடைய பைகளைப் பார்த்து ஆசைப்பட்டது. சர்டிபிகேட் இருந்தால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறையை மூடிவிட்டு மருமகனின் மொபைல் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். மருமகனிடம் போய் உட்காருவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர்

யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் முதல் வேலை. காதர் பாயின் இரண்டாவது மகள் ஷமீமா பி.காம். முடித்துவிட்டு பட்டறைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். கட்டத்தை அவள்தான் போட்டாள். முதலாளி காதர், கொள்முதல் காதர், உற்பத்தி காதர், தரப் பரிசோதனை காதர், விற்பனை காதர். செய்கிறவரே சோதிக்கக் கூடாது என்று நான் சொன்னதும், தரப் பரிசோதனையை மட்டும் பெரிய மனது பண்ணி மகளுக்கு விட்டுக்கொடுத்தார்.

மறுநாளே ஷமீமா வேலையைக் காட்டிவிட்டாள். வாப்பா பேரம் பேசி வாங்கி வந்த தோல் கட்டைப் பிரித்துப் பார்த்து, சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாள். தப்பு சொல்ல முடியாது, திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. காதர் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "ஏம் மேடம், வீட்டுல ஒருத்தி என்னைய கேள்வி கேக்கது பத்தாதுன்னா இவளுக்கும் பதவி குடுத்திய?"

சிவப்புத் தொட்டி

பழுதான பொருளை நல்ல பொருளோடு கலக்காமல் ஒரு சிவப்புத் தொட்டியில் தனியாகப் போட வேண்டும் என்பது விதி. தொட்டி வாங்கி வைத்தோம். எப்போது போனாலும் காலியாக இருந்தது. தாராவியில் பழுது என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கோணலாகத் தைத்த பை பிரிக்கப்பட்டு பர்ஸ் ஆகும். பர்ஸுக்கு ஆகாதது சாவிக்கொத்தின் வால் ஆகும். அதற்கும் ஆகாத துண்டு செருப்புக்காரரிடம் போகும். ஆனால் சர்டிபிகேட் கொடுக்கும் முன் சோதிக்க வருகிற ஆடிட்டர் காலித் தொட்டியைப் பார்த்தால், இங்கே யாரும் எதையும் சோதிப்பதே இல்லை என்றுதான் எழுதுவார்.

அதனால் பிடி கோணிப்போன இரண்டு பைகளை 'நிராகரிக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டித் தொட்டியில் வைத்துவிட்டு வந்தேன். ஆடிட் முடியும்வரை அவற்றைத் தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால் தொட்டி துடைத்து வைத்தாற்போல இருந்தது. காதர் பாய் சந்தோஷமாக இருந்தார். "ரிஜெக்ட்டுனு சீட்டு இருந்துச்சா, ஒரு பார்ட்டி சல்லிசா கிடைக்கும்னு எடுத்துட்டுப் போயிட்டாம் மேடம். இன்னும் ரெண்டு சீட்டு எழுதித் தாங்க."

நல்ல ஸ்கேல்

அளக்கிற கருவியையும் யாராவது அளந்து பார்க்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் இஸ்மாயிலின் இரும்பு ஸ்கேலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். 'இது சரியான ஸ்கேல்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணாடித்தாள் உறையில் போட்டு, கூடவே ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். பட்டறையில் முதன்முதலாகச் சர்டிபிகேட் வாங்கியது அந்த ஸ்கேல்தான்.

அடுத்த வாரம் போனேன். இஸ்மாயில் முனை தேய்ந்த ஒரு மரச் சட்டத்தை வைத்துத் தோலை வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேல் எங்கே என்று கேட்டேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மேல் தட்டில் அத்தர் பாட்டிலுக்குப் பக்கத்திலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டினார். உறைகூடப் பிரிக்கவில்லை. "நல்ல ஸ்கேல்லா மேடம், எடுத்துப் புழங்குனா கெட்டுப் போயிரும்."

நம்பிக்கைக்கு மார்க்

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். இனிமேல்தான் சிக்கல். தையல் மாடியின் சுவரில் ஒரு சோற்றுப்பானை நுழைகிற அளவுக்குச் சன்னல் ஒன்று உண்டு. அது தெருவைப் பார்த்ததல்ல, பக்கத்துப் பட்டறைக்குத் திறப்பது. அங்கே மாரியப்பன் பைகளைத் தோளில் மாட்டுகிற பட்டைகள் தைக்கிறார். சங்கரன்கோவில்காரர். காதர் பாயும் அவரும் மதம் வேறானாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். காதர் பாயிடம் வேலை குவிந்தால் வெட்டிய தோல் சன்னல் வழியாகப் போகும், தைத்த பட்டை அதே வழியாக வரும். முடியுமா என்று இவர் கேட்பதில்லை, எப்போது வேண்டும் என்று அவரும் கேட்பதில்லை. முடிந்ததும் கை நீளும், இங்கே யாராவது வாங்கிக்கொள்வார்கள். வரவுசெலவைப் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி ஓர் ஏற்பாட்டைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் மயக்கம் வரும். வெளியே வேலை கொடுப்பதாக இருந்தால் அந்த ஆளை மதிப்பிட்டு, மார்க் போட்டு, அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை கொடுக்கக் கூடாது. மாரியப்பனிடம் தீயணைப்பான் இல்லை, சோதனை செய்ததற்குப் பதிவு இல்லை, பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. அதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடியதுதான், உட்கார்ந்து இந்த மதிப்பீட்டு ஃபாரத்தை நிரப்புங்கள் என்று சொன்னேன். காதர் பாய் ஃபாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்டேன். சட்டை மாறியது, ஃபாரம் மட்டும் காலியாகவே இருந்தது. கடைசியில் சொன்னார்: "மூத்தவ கல்யாணத்துல வாசல்ல நின்னு வரவேத்து, பந்தி விசாரிச்சவன்ட்டப் போயி, நீ நம்பிக்கையான ஆளான்னு ஒண்ணுலருந்து பத்துக்குள்ள மார்க் போடட்டான்னு கேக்கச் சொல்லுதியளே மேடம்."

சுவரிலிருந்து வந்த கை

ஆடிட்டர் வாஷியிலிருந்து வந்தார். தமிழர்தான், ஆனால் ஆடிட்டர்களுக்கு ஊரும் பேரும் கிடையாது. தரமே எங்கள் உயிர் என்கிற மாதிரி எல்லாக் கம்பெனியும் எழுதி மாட்ட வேண்டிய தரக்கொள்கையை அன்று காலை காதர் பாய் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்து, அந்தச் சன்னலை மறைத்துத் தொங்கவிட்டிருந்தார். இன்றைக்கு ஒரு நாள் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று மாரியப்பனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லியாச்சு என்றார். முகத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி இல்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று மாரியப்பன் கேட்டிருப்பார், அதற்குப் பதில் சொல்ல இவருக்கு வாய் வந்திருக்காது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கட்டம் பார்த்தார், காலையில் மறுபடி சீட்டு ஒட்டி நிரப்பிய தொட்டியைப் பார்த்தார், உறை பிரிக்காத ஸ்கேலைக்கூடப் பாராட்டினார். மாடி ஏறி, சுவரில் இருந்த தரக்கொள்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பாதி படித்திருப்பார், சட்டம் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை, ஒரு கட்டுப் பட்டையோடு நீண்டது. "மச்சான், முடிஞ்சிட்டு, பிடி" என்றது சுவர்.

யாரும் பிடிக்கவில்லை. மெஷின்கள் நின்றுவிட்டன. ஷமீமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் ஓரடி பின்வாங்கி, இது யார், உங்களுக்கு வேலை செய்கிறவரா என்று கேட்டார். ஆம் என்றால் பட்டியலில் எங்கே என்பார். அப்புறம் சர்டிபிகேட் தள்ளிப்போகும், ஆர்டர் வேறு ஆளிடம் போகும். காதர் பாய் என்னைப் பார்த்தார், நான் உதவவில்லை. அது என் வேலையும் இல்லை. அவ்வளவு நேரமும் அந்தக் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. காதர் பாய் சொன்னதைக் கேட்ட பிறகுதான் கட்டோடு மெதுவாக உள்ளே போனது. அவர் சொன்னது இதுதான்: "தெரியாது சார். யாரோ பக்கத்துக் கடைக்காரர்."

பேப்பர் பர்ஃபெக்ட்

சர்டிபிகேட் வந்தது. சுவரில் உள்ள திறப்பை அடைக்க வேண்டும் என்று மட்டும் ஆடிட்டர் குறிப்பு எழுதியிருந்தார். பலகை அடித்து அடைத்து, அடைத்ததைப் போட்டோ எடுத்து ஷமீமா அனுப்பிவைத்தாள். வெளிநாட்டு ஆர்டரும் சொன்னபடி வந்தது. பட்டை வேலையை வடாலாவில் சர்டிபிகேட் உள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அங்கே தீயணைப்பான் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, எல்லாம் இருந்தது.

வந்த பட்டையோடு பரிசோதனை அறிக்கை ஒரு ஃபைல் நிறைய வந்தது. நானே புரட்டிப் பார்த்தேன், ஒரு குறை சொல்ல முடியாது. இஸ்மாயில் ஒரு பட்டையை வளையத்தில் மாட்டி லேசாக இழுத்தார். தையல் பிரிந்து கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தார், அதுவும் வந்தது. சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, முதல் ஆர்டரே பிந்தினால் இரண்டாவது ஆர்டர் கிடையாது. இஸ்மாயில் அந்த ஃபைலை மூடி, பிய்ந்த பட்டைகளை அதன்மேல் வைத்தார். "பேப்பர் பூரா பர்ஃபெக்ட்டு மேடம். அதையே தோள்ல மாட்டி அனுப்பிருவோமா?"

ஏணி ஏறி

சன்னல் இல்லாவிட்டால் மாரியப்பனிடம் போக ஏணியில் இறங்கி, சந்து முழுக்கச் சுற்றி, இன்னோர் ஏணி ஏற வேண்டும். காதர் பாய் தனியாகப் போகத் தயங்கினார். ஃபாரம் உங்களோடதுதானே, நீங்களும் வாங்க என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மூச்சு வாங்க மேலே ஏறினோம். மாரியப்பன் மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வாங்க மேடம். வாங்க சேட்" என்றார்.

முதலாளியைச் சேட் என்பது மும்பையில் மரியாதைதான். காதர் பாய்க்கு அது அடிபோல விழுந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நல்ல ஸ்டூலாகப் பார்த்துப் போட்டார். சாயா வரவழைத்தார். பிரிந்துபோன பட்டையைக் காதர் பாய் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நூல் மெலிசு என்று சொல்லிவிட்டு, தடித்த நூலை எடுத்து மெஷினில் கோக்க ஆரம்பித்துவிட்டார். செய்வாரா மாட்டாரா என்ற பேச்சே எழவில்லை. எவ்வளவு தருவீர்கள் என்றும் கேட்கவில்லை. கப்பல் போகிற நாளை மட்டும் கேட்டார்.

காதர் பாய் கசங்கிய ஃபாரத்தைப் பிரித்து முழங்காலில் வைத்து எழுத உட்கார்ந்தார். பெயர் எழுதினார், ஊர் எழுதினார், யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. இவர் ஏற்கெனவே நம்மோடு வேலை செய்கிறவரா, புதியவரா என்று அதில் இருந்தது. வாய்விட்டுப் படித்தார். பிறகு "மச்சான்" என்று ஃபாரத்தை அவர் பக்கம் நீட்டினார்.

மாரியப்பன் ஊசித் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. "ஆடிட்டர்ட்ட தெரியாதுன்னு சொன்னீங்கல்லா சேட். அப்பம் புது ஆளுன்னே எழுதுங்க."

ஐ.எஸ்.ஓ. வந்தால் தொழிலுக்கு என்ன லாபம் என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டால், இனிமேல் உங்கள் உறவெல்லாம் எழுத்துப்பூர்வமாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.