விதி எண் பதினான்கு

பொன்னிவளம் கார்டன்ஸ் மனை உரிமையாளர்கள், அவர்தம் வாரிசுகள், வாரிசுகளின் வாடகைதாரர்கள் அனைவரின் மேலான கவனத்திற்கு: கீழே சொல்லப்படுவது முழுக்க உண்மை. நம்பாதவர்கள் சங்கத்திடம் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மூன்று பிரதிகளில்.

தஞ்சாவூருக்கு வெளியே, நெல் வயலை மேடாக்கிப் போட்ட நகர் இது. வயலுக்கு இல்லாத கட்டுப்பாடெல்லாம் வீட்டுக்கு உண்டு. சுவர் சந்தன நிறம். கேட் நாலடி உயரம். முன்வாசலில் மூன்று படி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பழைய வீடாக வாங்கியபோது, விதிகள் அச்சிட்ட தாளைச் சாவியோடு கொடுத்தார்கள். அடியில் கையெழுத்து: குஞ்சிதபாதம், செயலாளர், மனை எண் 7. குடிவந்து மூன்று மாதமாகியும் மனிதரை நான் பார்த்ததில்லை.

போன நவம்பரில் என் மனைவி ஃபிளோரா அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினோம். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பதினெட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், நாளைக் காலை பத்து மணிக்குச் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மறுபடி அப்படித் தூக்க எனக்குத் தெம்பில்லை. கொத்தனார் துரைராசுவைக் கூப்பிட்டுப் படிமேல் சாய்தளம் போடச் சொன்னேன்.

"சங்கத்துல கேட்டீங்களா சார்?"

"கேட்டா, சங்கமா வந்து தூக்கும்?"

"அதுவும் சரிதான். காலைல வரைக்கும் ஒரு ஈ காக்கா மிதிக்கப்படாது."

ஈர சிமெண்டின் மேல் தார்ப்பாய் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுப் போனார். கேட்டை நானே பூட்டினேன்.

மாலை 6:12. மழை. கரண்ட் போயிற்று.

கிரீச்... கிரீச்...

கேட்டுக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. குள்ளமானவர் போலும்.

"யாருங்க?"

"செயலாளர். விதி பதினாலு. படி மூணு. மாத்தப்படாது."

"வீட்டுல நடக்க முடியாதவங்க சார். நாளைக்கு வர்றாங்க."

சர்ர்ர்... டக்.

அளவு டேப்பின் சத்தம். வந்தது கேட்டுக்கு உள்ளேயிருந்து.

"எத்தனை காலத்துக்கு சார் இந்த விதி?" எரிச்சலில் கேட்டேன்.

"சந்திர சூரியர் உள்ளவரைக்கும்."

சூரியன் மறைந்திருந்தது. சந்திரனைக் காணோம். விதி மட்டும் இருந்தது.

இப்போது தலை என் நெஞ்சுயரத்தில்... மிகப் பக்கத்தில். கொட்டுகிற மழையில் அவர் சட்டை நனையவில்லை.

"எத்தனை அடி சரிவு?"

"ப... பன்னிரண்டு."

நீண்ட மூச்சு. களைத்துப்போன மூச்சு.

"ஏறிடலாம்..."

கிரீச்.

6:31. கரண்ட் வந்தது.

யாரும் இல்லை.

பூட்டு அப்படியே.

காலை ஏழு மணிக்குத் துரைராசு வந்தார். செங்கல் நகரவில்லை. தார்ப்பாயைத் தூக்கினார்.

இறுகிய சிமெண்டில் இணையாக இரண்டு கோடுகள். கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே. காலடி ஒன்றுகூட இல்லை.

மனை எண் 7-க்குப் போனேன். ஆனந்தவல்லி என்ற அம்மா கதவைத் திறந்தார். வாசலில் மூன்று படி.

"சாரைப் பார்க்கணும்."

"அவர் போய் எட்டு மாசம் ஆச்சுங்களே."

கூடத்து மூலையில் மடித்து வைத்த சக்கர நாற்காலி.

"கடைசி ரெண்டு வருஷம் இதுலதாங்க. வாசல்ல சரிவு போட்டுக்கலாம்னு கெஞ்சினேன். செயலாளரே விதியை மீறினா ஊரு சிரிக்கும்டின்னுட்டார். தெருவையே பார்க்காமப் போய்ட்டார்."

நாற்காலியின் சக்கரங்களில் சிமெண்ட். விரலால் தொட்டேன்... இன்னும் ஈரம்.

பத்து மணிக்கு ஃபிளோரா வந்தாள். அந்தக் கோடுகளின் மேலேயே தள்ளி ஏற்றினேன். அவளைப் படுக்க வைத்துவிட்டு, இந்த நகரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: வீட்டின் மூலப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன்.

நகரின் விதிகள் அனைத்தும் பத்தாண்டுகளுக்கு மட்டும். அவர் அந்த நாற்காலியில் உட்காரும் முன்பே, 2021 ஜூனிலேயே காலாவதி.